அவள் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்

அத்தியாயம் 7

செத்துப்போனவளின் நாற்காலியில் வால் உட்கார்ந்து பார்த்தான்.

"எழுந்திரு," என்றாள் வக்கீலம்மா.

"செத்தவங்க இடத்துல நம்மள வெச்சுப் பாக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"மனசால வெச்சுப் பாக்கணும். முதுகால இல்ல."

எழுந்தான். வக்கீலம்மா இப்போது வக்கீல் இல்லை. கோர்ட்டை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கூப்பிடும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுடைய உதவியாளனுக்கு முப்பது வயது. வால் என்ற பெயரை அவனுக்கு வீட்டில் வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் உறுதி செய்தார்கள்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலை ஒட்டிச் சாய்வு நாற்காலி. எதிர் அலமாரியின் மேல் தட்டில் முட்டை அளவில் ஒரு கேமரா, பச்சைப் புள்ளியோடு. இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய இளம்பெண் பகல் முழுவதும் இந்த நாற்காலியில் இருப்பாள். கணவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். நாலு மணிக்கு நர்ஸ் வந்து ஊசி போடுவாள். இடையில் யாரும் இல்லை. அதற்காகத்தான் கேமரா. அது பதிவு செய்யாது. அந்த நேரத்தில் நடப்பதை மட்டும் காட்டும். கணவர் தன் அலுவலகக் கம்ப்யூட்டரில் அவ்வப்போது பார்த்துக்கொள்வார்.

போன வாரம் நாலு மணிக்கு நர்ஸ் வந்தாள். சமையலறையில் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு அறைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் இருந்தவளின் உடம்பு சில்லிட்டிருந்தது. கையிலிருந்த ஊசி விழுந்து உடைந்தது. இது நர்ஸ் சொன்ன கதை.

கணவர் சொன்னது வேறு. மூணே முக்காலுக்குத் தன் மனைவியைப் பார்த்ததாகவும், அவள் நிமிர்ந்து உட்கார்ந்து புத்தகம் வைத்திருந்ததாகவும் வாக்குமூலம் கொடுத்திருந்தார். கால் மணி நேரத்தில் ஒரு உடம்பு சில்லிடாது. ஆகவே நர்ஸ் தப்பான ஊசியைப் போட்டுவிட்டுப் பொய் சொல்கிறாள் என்பது போலீஸின் முடிவு. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தபோது இருட்டிவிட்டது. உயிர் போன நேரத்தை அவரால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை. பரிசோதனை அறிக்கை வர வாரங்கள் ஆகும். நர்ஸை இன்று மாலை கோர்ட்டில் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள்.

வக்கீலம்மாவைத் தேடி வந்தது நர்ஸின் மாமியார். வந்ததும் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"என் மருமகளுக்கு வாய் ஜாஸ்தி. நான் இல்லேங்கல. ஆனா கொலை பண்ற கை அவளுக்கு இருந்திருந்தா, முதல்ல போயிருக்க வேண்டியது நான். இத்தனை வருஷமா நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன் பாருங்க, அதான் சாட்சி."

இதைவிட நல்ல நற்சான்றிதழை வக்கீலம்மா எந்தக் கோர்ட்டிலும் பார்த்ததில்லை.

"வாக்குமூலத்தைப் படி," என்றாள் இப்போது.

வால் தாளைப் பிரித்தான். "'மூணே முக்காலுக்குப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தாள். கையில் புத்தகம். மடியில் வெயில் விழுந்திருந்தது. நன்றாக இருந்தாள்.' அவ்வளவுதான் மேடம். மனுஷன் தந்தி அடிக்கிற மாதிரி பேசியிருக்கார்."

"மணி என்ன?"

"மூணரை."

"மடியில வெயில் எங்க?"

வால் நாற்காலியைப் பார்த்தான். நிழல். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்க் கட்டடத்தின் சுவர் முழுக்க வெயில் கொட்டிக்கிடந்தது. அவன் நின்ற அறைக்குள் ஒரு பொட்டுகூட இல்லை.

"கிழக்கு ஜன்னல்," என்றாள் வக்கீலம்மா. "காலையில மட்டும்தான் வெயில் வரும்."

"அன்னைக்குச் சூரியன் ஓவர்டைம் பாத்துச்சோ என்னவோ." சொல்லிவிட்டுத் தானே நிமிர்ந்தான். "மேடம்! அப்ப புருஷன் புளுகறார். பாக்காததைப் பாத்தேன்னு சொல்றார். எதுக்குச் சொல்லணும்? அவரே..."

"சமையலறையில சாப்பாட்டுக் கேரியர் என்ன ஆச்சு?"

"காலையில அவர் வெச்சிட்டுப் போனது அப்படியே இருந்துச்சாம். இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். நோயாளிக்குப் பசி இருக்காதுன்னு எனக்கு வைத்தியம் சொன்னார்."

வக்கீலம்மா அலமாரிப் பக்கம் திரும்பினாள். கேமராவின் பச்சைப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அணைச்சிடட்டுமா மேடம்? காலி நாற்காலியை இது யாருக்குக் காட்டிக்கிட்டிருக்கு?"

"அதைத்தான் போய்க் கேக்கப் போறோம்."

கணவரின் அலுவலகம் ஒரே நீளமான கூடம். வரிசை வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு முதுகு. வராத பார்சல், உடைந்து வந்த கண்ணாடி, அளவு பொருந்தாத செருப்பு என்று ஊர் முழுக்க எழுதி அனுப்பும் புகார்களுக்கு இங்கே பதில் எழுதினார்கள். கோடியில் கண்ணாடி அறை. அதற்குள் மேனேஜர்.

கணவரைப் பார்க்கும் முன் வக்கீலம்மா விசாரித்தது கம்ப்யூட்டர் டெக்னீஷியனை. கூடத்தில் எல்லோரும் அவனை ஒயர் என்றார்கள். ஒரு மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டினான்.

"அவர் மெஷினா? ஐயோ சாமி."

"ஏன் அலறீங்க?" என்றான் வால். "ஷாக் அடிக்குமா?"

"அடிச்சாலும் பரவாயில்ல. அந்த வரிசையில ரெண்டு பேர் இடம் மாத்திக் கேட்டுட்டாங்க. செத்துப்போனவங்க அந்தத் திரையில வராங்களாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் டெக்னிக்கல் ஆள் சார். எனக்குப் பேய்ல நம்பிக்கை கிடையாது. அதனால அந்தப் பக்கமே போகல."

வக்கீலம்மா குனிந்து அவனைப் பார்த்தாள். "அந்த மெஷின்ல கடைசியா என்ன வேலை பாத்தீங்க?"

"பிரவுசர் வேலைதான் மேடம். இங்க ஒரு புகாருக்கு ஒரு டேப், அதாவது தனியா ஒரு பக்கம், திறப்பாங்க. அவர் திறந்ததை மூடவே மாட்டார். ஒவ்வொரு டேப்பும் பஸ் சீட்டுல துண்டு போட்ட மாதிரி மெமரியில இடம் பிடிச்சு வெச்சிருக்கும். ஆள் உக்காரல, ஆனா இடம் காலி இல்ல. அன்னைக்குக் காலையில மெஷின் மொத்தமா படுத்துடுச்சு. மேனேஜர் பிடிச்சுக் காய்ச்சிட்டார். நான் போய்ப் பாத்தா, மத்ததெல்லாம் அரிசி தின்னா, ஒரே ஒரு டேப் மட்டும் மூட்டையோட தின்னுது. ஏதோ வீடியோ ஓடற டேப்."

"என்ன பண்ணீங்க?"

"மெமரி சேமிப்பைப் போட்டுவிட்டேன். கண்ணுக்கு முன்னாடி இல்லாத டேப் எல்லாம் கொஞ்ச நேரத்துல தானா தூங்கிடும். மெமரி காலியாயிடும். திரும்ப க்ளிக் பண்ணா முழிச்சுக்கும். யாருக்கும் நஷ்டமில்ல."

"எந்த அன்னைக்கு?"

ஒயர் மேஜைக்கடியிலிருந்து முழுதாக வெளியே வந்தான். "அந்த அன்னைக்குத்தான் மேடம். காலை டீக்கு முன்னாடி. அதுக்கப்புறம் அவர் மெஷினை அணைக்கவே விடறதில்ல. கை வெச்சா கையைத் தட்டி விடறார்."

கூடத்தின் நடுவில் நடக்கும்போது வால் கிசுகிசுத்தான். "பிடிச்சாச்சு மேடம். கேமரா டேப் தூங்கிடுச்சு. அவர் பாத்தது பழைய படம்."

"க்ளிக் பண்ணா முழிச்சுக்கும்னு சொன்னானே."

வால் நின்றான்.

"மூணே முக்காலுக்குப் பாத்தேங்கறார். பாக்கணும்னா க்ளிக் பண்ணணும். பண்ணினா உண்மையான அறை வந்திருக்கும்," என்றாள் அவள்.

"போச்சு. திரும்ப முதல்லேர்ந்தா?"

"இல்ல. அவர் மேஜையிலேர்ந்து."

கணவர் எழுந்து நிற்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம். பார்வை மட்டும் யாருடையதோ போல இருந்தது. 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று பாதி எழுதியிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"போலீஸ்ல எல்லாம் சொல்லிட்டேன்."

"சொன்னதைக் கேக்க வரல," என்றாள் வக்கீலம்மா. "அன்னைக்கு எப்படிப் பாத்தீங்களோ, அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அவர் முதலில் செய்தது, கழுத்தைத் திருப்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தது. பழக்கம். பிறகு மௌஸை நகர்த்தினார். திரையின் உச்சியில் சீப்புப் பற்கள் போல நெருங்கி நின்ற டேப்களின் ஓரத்தில், கடைசிக்கு முந்தினதன் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார். அழுத்தவில்லை. சும்மா நிறுத்தினார்.

டேப்புக்குக் கீழே தபால்தலை அளவில் ஒரு படம் மெல்ல முளைத்தது.

அவள் இருந்தாள்.

அதே ஜன்னல், அதே சாய்வு நாற்காலி. கையில் திறந்த புத்தகம். தலை லேசாகக் கேமராப் பக்கம் திரும்பியிருந்தது, யாரோ கூப்பிட்ட மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருந்தான். அவன் முதுகு ஒருமுறை சிலிர்த்தது. வாயில் தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கினான்.

"இன்னும் உக்காந்திருக்கா," என்றார் கணவர். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "மூணே முக்காலுக்கு நான் பாத்தது இதுதான். அவ போனதும் இதுவும் நின்னுடுச்சு. நகரவே இல்ல."

"க்ளிக் பண்ண மாட்டீங்களா?"

"பண்ணினா திரை முழுக்க வரும். மேனேஜர் பின்னாடி நடந்துக்கிட்டே இருப்பார். சொந்த விஷயம் எதுவும் திரையில இருக்கக் கூடாது. இப்படி வெச்சா யாருக்கும் தெரியாது. பாத்துட்டு எடுத்துடலாம்."

"முழுசா திறந்து பாக்கறதே இல்லையா?"

"காலையில வந்ததும் ஒரு தடவை. மேனேஜர் வரதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் இப்படித்தான்."

வால் குனிந்து பார்த்தான். கேமரா படத்தின் மூலையில் நேரம் ஓடும். இந்த அளவில் அது ஒரு வெள்ளைக் கீறல்.

"இந்தச் சின்னப் படத்துல அவங்க அசைவாங்களா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"அசைவா. பக்கம் திருப்புவா. முடியை ஒதுக்குவா." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு அசையல. டாக்டர் ஓய்வா இருக்கச் சொல்லியிருந்தார். எப்பவும் சொன்ன பேச்சு கேக்க மாட்டா. அன்னைக்குத்தான் கேட்டான்னு நினைச்சேன். நல்லா ஓய்வு எடுக்கறான்னு சந்தோஷமா இருந்தது."

பக்கத்து மேஜையில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்று, மீண்டும் தொடங்கியது.

வக்கீலம்மா ஒரு காலி நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்த அறை ஜன்னல் எந்தத் திசை?"

"தெரியல. ஆபரேஷனுக்கு அப்புறம்தான் அந்த அறைக்கு மாத்தினோம். நான் காலையில கிளம்பினா இருட்டினப்புறம்தான் வருவேன்."

"கிழக்கு."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் படத்தைச் சுட்டிக்காட்டவில்லை. காத்திருந்தாள். அவரே திரும்பிப் படத்தைப் பார்த்தார். நாற்காலி, புத்தகம், மடி. மடியில் மஞ்சளாக ஒரு துண்டு வெயில்.

அவர் திரைக்கு அருகில் குனிந்தார்.

"இது காலையில வர வெயில்."

"ஆமாம்."

"அப்ப பதினொரு மணிக்கு நான் பாத்தது?"

"காலையில பாத்ததைத்தான்."

"மத்தியானம்? சாப்பிட்டுட்டு வந்து பாத்தேன். அவளும் சாப்பிட்டிருப்பான்னு..."

"கேரியர் திறக்கவே இல்ல. நர்ஸ் வரும்போது உடம்பு சில்லிட்டிருந்தது உண்மை. அவ பொய் சொல்லல. நீங்களும் சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். யாரோ ஒரு வாடிக்கையாளரின் புகாரைக் கேட்டுக்கொள்வது போல.

வால் போன் செய்ததில் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். நிறைய நடந்து, நிறைய சலித்த மனிதர். முழுவதையும் கேட்டார். தபால்தலைப் படத்தை எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"கதை நல்லா இருக்கு. ஆனா கேமராவே பழுதாகி நின்னிருந்தா? எப்பவோ ஒரு படம் மாட்டிக்கிச்சு, இந்த டேப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு அரசு வக்கீல் கேப்பார். நான் என்ன சொல்ல? வெயில் சொல்லிச்சுன்னா?"

"கேமரா வேலை செய்யுது. நாங்க அங்கேர்ந்துதான் வரோம்," என்றான் வால். "டேப்புதான் தூங்குது."

"தூங்குதுன்னு எப்படித் தெரியும்?"

தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த ஒயர் பதில் சொன்னான். "க்ளிக் பண்ணிப் பாருங்க சார். முழிச்சுக்கும். இப்ப அந்த அறையில என்ன இருக்கோ அது வரும்."

"அப்ப இந்தப் படம்?"

"போயிடும்."

கணவரின் கை டேப்பின் மேல் அம்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. எடுத்தால் படம் மறையும், வைத்தால் வரும். அழுத்தினால் திரும்பி வராது.

வால் போனை எடுத்துச் சின்னப் படத்தைப் பல தடவை படம் பிடித்தான். வெயில் தெரியும்படி, கிட்டத்தில் ஒன்று. "பத்திரமா இருக்கு சார். உங்களுக்கும் அனுப்பிடறேன்."

"அது படம்," என்றார் கணவர்.

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கோர்ட்டுக்கு வண்டி கிளம்பற நேரம். நான் அழுத்தட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் வக்கீலம்மா. பிறகு கணவரிடம், "அந்த நர்ஸ் மேல இன்னும் கோவமா இருக்கீங்களா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அவ மேல கோவப்பட்டா வேற யார் மேலயும் பட வேண்டியதில்ல. சௌகரியமா இருந்தது."

அழுத்தினார்.

திரை வெளுத்தது. நடுவில் ஒரு வளையம் சுற்றியது. மேஜைக்கடியில் இத்தனை நாள் அமைதியாக இருந்த மெஷினின் விசிறி இரைய ஆரம்பித்தது. "மெமரி ஏறுது," என்றான் ஒயர் பழக்க தோஷத்தில், சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தான்.

அறை வந்தது. திரை முழுக்க. கட்டில், ஜன்னல், நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை. சாயங்கால நிழல். மூலையில் நேரம் நொடி நொடியாக ஓடியது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார்.

"அந்த நர்ஸை வண்டியில ஏத்தாதே. ஏத்தியாச்சா? இறக்கு. ஆமாய்யா, இறக்கி ஒரு டீ வாங்கிக் கொடு. நான் வரேன்."

வக்கீலம்மா மாமியாருக்குப் போன் போட்டாள். சேதியைக் கேட்டதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வரட்டும் அவ. வீட்டை அப்படியே போட்டுட்டுப் போயிட்டா. வந்து என்கிட்ட வாங்கிக் கட்டிக்கட்டும்," என்று மாமியார் அழுதாள்.

போனை வைத்துவிட்டு வக்கீலம்மா திரும்பியபோது, கணவர் வேறு ஒரு டேப்புக்குப் போய், அங்கிருந்து அம்பைப் பழையபடி கேமரா டேப்பின் மேல் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்தலை முளைத்தது. காலி நாற்காலி.

"தம்பி," என்று வாலைக் கூப்பிட்டார். "இது ஒண்ணை மட்டும் தூங்க விடாம வைக்க முடியுமா?"

"முடியும் சார்." வால் குனிந்து அமைப்புகளைத் திறந்தான். மெமரி சேமிப்பு என்று இருந்த இடத்துக்குக் கீழே, எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களைச் சேர்க்க ஒரு பெட்டி. அதில் எதுவும் இல்லை. "இங்க சேர்த்தாப் போதும். ஒரே வரிதான். அன்னைக்கே இதை..."

நிறுத்திக்கொண்டான். தாமதமாக.

"அன்னைக்கே கேட்டான்," என்றார் கணவர், ஒயர் நின்ற பக்கம் பார்க்காமல். "எதையாவது தூங்காம வைக்கணுமா சார்னு கேட்டான். மேனேஜர் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார். முக்கியமா எதுவும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

வால் அந்த வரியைச் சேர்த்துவிட்டு மௌஸை அவர் கையில் கொடுத்தான். அவர் கேமரா டேப்பை அழுத்தினார். அறை திரை முழுக்க விரிந்தது. இரண்டு வரிசை தள்ளி இருந்தவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர் போலீஸ் தொப்பியைப் பார்த்துத் தயங்கி, திரையைப் பார்த்துத் தைரியம் பெற்று நடந்து வந்தார். கணவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன இது, வேலை நேரத்துல?"

கணவர் திரும்பவில்லை. டேப்பை மூடவும் இல்லை.

"என் வீடு," என்றார்.